இருபத்தொன்று வேண்டாம் என்றேன்

போலோன்யாவில் நான் தங்கியிருந்த வீட்டுக்கு நாலு மாடி ஏற வேண்டும். லிஃப்ட் கிடையாது. கூடக் குடியிருந்த இரண்டு இத்தாலியப் பெண்களுக்கும் இருபது வயது, ஓடியே ஏறிவிடுவார்கள். எனக்கு நாற்பத்திரண்டு. இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே போவேன். முதல் நாள் என்னைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் வீட்டைச் சரிபார்க்க ஆள் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தார்களாம். நானும் ஸ்டூடண்ட்தான் என்றதும் ஒருத்தி வாயைப் பிளந்தாள். இன்னொருத்தி எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

கோயமுத்தூரில் இன்ஜினியரிங் முடித்த கையோடு கல்யாணமாகி அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் ஃப்ரீமான்ட்டுக்கு வந்தவள் நான். வேலை பார்க்க அனுமதி இல்லாத விசாவில் பல வருடம் வீட்டிலேயே கழிந்தது. கிரீன் கார்டு வந்து சேர்ந்தபோது படித்த இன்ஜினியரிங் சுத்தமாக மறந்துபோயிருந்தது. மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் நானும் ஒரு கல்லூரியில் ஓவிய வரலாறு படிக்கச் சேர்ந்தேன். "அதைப் படிச்சா என்ன ஜாப் கெடைக்கும்?" என்று கேட்காத ஆன்ட்டி எங்கள் ஊரில் ஒருத்தர்கூட இல்லை. செமஸ்டருக்கு இரண்டு பாடம், மூன்று பாடம் என்று ஆறு வருடம் இழுத்தது. கடைசி செமஸ்டரை இத்தாலியில் படிக்கலாம் என்று கல்லூரியில் சொன்னபோது, என் கணவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "போயிட்டு வா. நாலு மாசம்தானே" என்றார். நல்ல மனுஷன். அதில் எனக்கு என்றைக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

ஆனால் வீட்டை விட்டு நான் எங்கே போனேன்? போனில் வீடே கூட வந்துவிட்டது. ஃப்ரீமான்ட்டில் காலை ஏழு மணி என்றால் எனக்குச் சாயங்காலம் நாலு. தினமும் நாலு மணிக்கு அலாரம் வைத்து, எங்கே நின்றாலும், கூப்பிட்டு இரண்டு பிள்ளைகளையும் எழுப்புவேன். மகனுக்குப் பதினொரு வயது. "ஃபைவ் மினிட்ஸ்மா" என்று போனைத் தலையணைக்குக் கீழே வைத்துவிடுவான். மகளுக்குப் பதினைந்து. "அம்மா, யூ ஆர் இன் இட்டலி. ரிலாக்ஸ்!" என்பாள். பிறகு கணவர் வருவார்.

வாரத்தில் இரண்டு நாள் எங்கள் வகுப்பு ஏதாவது ஒரு பழைய தேவாலயத்தில் நடக்கும். சுவரோவியத்துக்கு முன்னால் பேராசிரியை பேசிக்கொண்டிருக்கும்போதே பாக்கெட்டில் போன் துடிக்கும். நான் பூனை மாதிரி பின்வாங்கி வாசலுக்கு வருவேன்.

"இட்லி மாவு புளிச்சுப் பொங்கிக் கெடக்குது. என்ன பண்ணட்டும்?"

"ஊத்தாப்பம் ஊத்துங்க. நான் கிளாஸ்ல இருக்கேன்."

"சரி சரி. அவன் பல்லுக்குப் போடற ரீடெய்னரைக் காணோம்."

"பாத்ரூம் டிராயர்ல பாருங்க. ரெண்டாவது."

திரும்பி உள்ளே போனால் வகுப்பு அடுத்த சுவருக்குப் போயிருக்கும். எந்தச் சுவரை விட்டேன் என்று யாரிடம் கேட்பது? கேட்டாலும் கூடப் படிக்கும் சின்னப் பிள்ளைகள் போட்டோவை அனுப்பிவிட்டு, "இதுதான்" என்பார்கள். பேராசிரியை சொன்னது போட்டோவில் இருக்காது.

இரவுச் சமையலுக்கு முன்னால் ஃப்ரீமான்ட் வீட்டுக்கு மளிகை ஆர்டர் போட்டாக வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஈமெயிலுக்குப் பதில் எழுத வேண்டும். பிறகு எனக்குச் சமையல். அங்கே கிடைக்கும் குண்டு அரிசி தயிர் சாதத்துக்கென்றே விளைந்தது; குழைய வேண்டாம் என்றாலும் குழையும். அதைத் தின்றுவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் இரண்டாவது பக்கத்தில் கண் சொக்கும். கூட இருந்த பெண்கள் வெளியே நடக்கக் கூப்பிடுவார்கள். "டயர்டா இருக்கு" என்பேன். நாலு மாதமும் அதையே சொன்னேன். கடைசியில் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

ஜூன் மாதம் பரீட்சை. அந்த ஊரில் பேனா எடுத்து எழுதுகிற வேலை இல்லை. பேராசிரியைக்கு எதிரே உட்கார்ந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். முப்பதுக்கு மார்க். பதினெட்டு வாங்கினால் பாஸ். கொடுத்த மார்க் பிடிக்கவில்லையா, வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த தேதிக்கு வரலாம். இதைக் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். வாத்தியார் போட்ட மார்க்கை வேண்டாம் என்று சொல்வதாவது! எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லியிருந்தால் முதுகுத் தோல் உரிந்திருக்கும்.

முந்தின நாள் மாலை முழுக்க மகனுடைய சம்மர் கேம்ப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணிக்குப் பேராசிரியை முன்னால் உட்கார்ந்தேன். முதல் கேள்விக்கு நன்றாகவே சொன்னேன். இரண்டாவது, நான் வாசலில் நின்று ஊத்தாப்பம் பேசிய ஏதோ ஒரு சுவரைப் பற்றியது. திக்கித் திணறினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, "இருபத்தொன்று. எடுத்துக்கொள்கிறீர்களா, அடுத்த முறை வருகிறீர்களா?" என்றார்.

அடுத்த முறை என்றால் மூன்று வாரம் கழித்து. எனக்கு நாலு நாளில் விமானம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. எடுத்துக்கொண்டால் டிகிரி முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். கணவரைக் கேட்கலாம் என்றால் அங்கே ஊரே தூங்குகிறது. என் பின்னால் எட்டுப் பேர் வரிசையில் காத்திருக்கிறார்கள். கல்யாணமான நாளிலிருந்து கேட்காமல் நான் ஒரு சோபாகூட வாங்கியதில்லை.

"வேண்டாம்" என்றேன். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நாலு மணிக்குக் கூப்பிட்டேன்.

"பாஸ் ஆயிட்டல்ல?" என்றார் கணவர்.

"ஆயிட்டேன். வேணாம்னு சொல்லிட்டேன்."

"எதை?"

"மார்க்கை. இன்னொரு தடவை போகப்போறேன். மூணு வாரம் ஆகுங்க."

"வெளையாடறியா? கேம்ப் மூணு மணிக்கு முடியுது. சான் ரமோன் ஆபீஸ்ல இருந்து நான் எப்படி மூணு மணிக்கு வந்து பிக்அப் பண்றது? ஃப்ரீவே எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், "ஒண்ணு கேக்கறேன். நீ மார்க் வேணாம்னு சொன்னியா, வீட்டுக்கு வரவேணாம்னு சொன்னியா?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "என்ன பேச்சு பேசறீங்க? ஒரு படிப்பையாவது ஒழுங்கா முடிக்கணும்னு நெனைக்கறது தப்பா?" என்று தெருவில் நின்று கத்தினேன். சைக்கிளில் போனவர் திரும்பிப் பார்த்தார்.

"சரி. முடிச்சுட்டு வா. இனிமே காலைல நீ கூப்பிட வேணாம், நானே எழுப்பிக்கறேன். நீ படி" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் படித்தேனா? இல்லை. தூங்கினேன். அதற்கு மறுநாளும் தூங்கினேன். அந்தப் பெண்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். ஜன்னலின் மரக்கதவைச் சாத்தினால் பட்டப்பகலில் அறை இருட்டாகிவிடும். காலையில் காபி குடித்துவிட்டுத் தூங்கினேன். தயிர் சாதம் தின்றுவிட்டுத் தூங்கினேன். நாலு மணிக்கு அலாரம் அடிக்கவில்லை. யாரும் எதையும் காணோம் என்று சொல்லவில்லை. பத்து நாள் அப்படியே போனது. ஒரு நாள் எழுந்து உட்கார்ந்து, காரணமே இல்லாமல் ஓவென்று அழுதேன். அழுது முடித்துவிட்டு மறுபடி படுத்தேன்.

வார இறுதியில் கணவர் பேசும்போது, "எவ்ளோ முடிச்ச?" என்று கேட்பார். நாலு சாப்டர், ஆறு சாப்டர் என்று வாய் கூசாமல் புளுகினேன். அவர் மதியம் இரண்டு மணிக்கே ஆபீஸை விட்டுக் கிளம்பிப் பையனைக் கூட்டி வந்து, மீதி வேலையை வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறார் என்று மகள் சொன்னாள். ஆனாலும் மத்தியானம் தூங்கினேன்.

கடைசி வாரம்தான் புத்தகத்தைத் தொட்டேன். இரண்டாவது பரீட்சையில் பேராசிரியை இருபத்திரண்டு போட்டார். எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்குக் கணவர் மட்டும் வந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், சட்டையை இஸ்திரி போடாமல் போட்டிருந்தார். பெட்டிகளைத் தூக்கி வைத்து, காரை வெளியே எடுத்த பிறகுதான் கேட்டார்.

"எவ்ளோ?"

"இருபத்திரண்டு."

"ஒரு மார்க்கா?"

"ஒரு மார்க்தான்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய்யை இதற்கு மேல் சுமக்க முடியவில்லை.

"நான் படிக்கலைங்க. தூங்கினேன். பத்து நாள், பன்னெண்டு நாள் தூங்கிட்டேதான் இருந்தேன். நீங்க அன்னைக்குக் கேட்டதுதான் சரி."

பாலத்தில் ஏறினோம். இரண்டு பக்கமும் தண்ணீர்.

"என்கிட்ட சொல்லியிருந்தா, இருந்து ரெஸ்ட் எடுத்துட்டு வான்னு நானே சொல்லியிருப்பேனே" என்றார்.

"தூங்கறதுக்கு மூணு வாரம் வேணும்னு கேட்டிருந்தா, சரின்னு சொல்லியிருப்பீங்களா?"

உடனே வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். பாலம் முடிந்தது. ஃப்ரீவேயில் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. பிரேக்கில் காலை வைத்தபடி முன்னால் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டேன்" என்றார்.