முதல்வர் சபாபதியின் மொட்டை

வீராம்பட்டினம் ஆடித் தேருக்குப் போகிற வழியில் லாஸ்பேட்டையில் பஸ் மாற இறங்குகிறேன். எதிரே கல்லூரி. பலகையில் முதல்வர் என்று சபாபதியின் பெயர். எட்டாவது வரை என் பக்கத்தில் உட்கார்ந்தவன். நான் அதோடு நின்றுவிட்டேன். வயிறு எரிகிறது. படிப்பு அவனுக்கு, பக்தி எனக்கு என்றுதான் இத்தனை வருஷம் மனசைத் தேற்றிவந்தேன்.

டீக்கடைக்காரரிடம், "உங்க பிரின்சிபால் கோயிலுக்கெல்லாம் போவாரா?" என்கிறேன்.

"என்னாண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க! வாத்தியாரா வந்த வருஷத்திலேர்ந்து தேருக்குத் தேர் வீராம்பட்டினத்து அம்மனுக்கு மொட்டை போடறாரு. பசங்க சிரிப்பானுங்க. அந்தத் தலையோடவே பாடம் எடுப்பாரு. நீங்க முடி குடுத்திருக்கீங்களா?"

படிய வாரிய என் தலையைத் தடவிக்கொள்கிறேன். ஊர் சிரிக்குமே என்று ஒருமுறைகூடக் கொடுத்ததில்லை.

பஸ் வருகிறது. ஓடிப்போய் ஏறுகிறேன். தாயே, இந்த வருஷம் அவனுக்கு முன்னால் என் முடியை வாங்கிக்கொள்.