போர்வைக்குள் ஓர் ஊசி

நவம்பர் 14, வியாழன்.

நேற்று வகுப்பில் ஊசிகளை எண்ணாமல் எழுந்துவிட்டேன். சின்னத் தப்புதான். ஆனால் அதன்பின் நடந்தது கற்பனை இல்லை. நான் சந்தேகப் பிராணி. கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பவள். இதையும் அப்படி இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

மாலைத் தையல் வகுப்பில் அக்காவுக்காக உள்ளே பஞ்சு வைத்து ஓர் ஒட்டுத்துணிப் போர்வை தைத்து முடித்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவளுக்குப் பொட்டுத் தூக்கமில்லை. அவளைப் பார்த்துக்கொள்ளும் எனக்கும் இல்லை. கடையில் வாங்கிய கம்பளிகளையெல்லாம் உதைத்துத் தள்ளினாள். நேற்று ராத்திரி இதைப் போர்த்தியதும் துண்டு துண்டாகத் தடவினாள். அப்பாவின் சட்டை. அம்மாவின் புடவை. அவளுடைய பள்ளிக்கூடப் பாவாடை. பழுப்புக் கட்டம் போட்ட துண்டில் விரல் நின்றது.

"இது யாரோடதுடி?"

ஒரு துண்டு குறைந்தது, வகுப்பின் மிச்சத்துணிப் பையிலிருந்து எடுத்தேன் என்றேன்.

"இதான் கதகதன்னு இருக்கு." அப்படியே தூங்கிப்போனாள்.

அதன்பிறகுதான் ஊசிப்பெட்டியைத் திறந்தேன். ஐந்து இருக்க வேண்டும். நான்குதான் இருந்தன.

பஞ்சுக்குள் போன ஊசி படுத்தவரைத் தேடிப் போகும் என்பார் டீச்சர். எழுப்பினால் அக்காவின் தூக்கம் போய்விடும். எழுப்பாவிட்டால்...

கண் எரிய எரிய, கட்டிலருகே மண்டியிட்டுத் தடவிக்கொண்டே வந்தேன். மணி இரண்டு பத்து.

பழுப்புத் துண்டுக்கு வந்தேன்.

டப்.

கீழிருந்து துணியைத் துளைத்துக்கொண்டு ஓர் ஊசி... முனை அல்ல, நூல் கோக்கும் காதுப் பக்கம் முன்னால். குத்தவில்லை. நீட்டியது.

வாங்கிக்கொண்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

நீட்டியது அக்காவின் விரல் என்று நினைத்தேன்.

அவள் கைகள் இரண்டும் தலையணைமேல் இருந்தன.

பழுப்புத் துண்டில் இருந்த புடைப்பு மெல்ல... தாழ்ந்தது.

நான் கத்தவில்லை. கத்தினால் அவள் எழுந்துவிடுவாள். விடியும்வரை சுவரில் சாய்ந்து கிடந்தேன்.

இன்று வகுப்பில் டீச்சர் என் ஊசியைக் கொடுத்தார். வெள்ளை நூலோடு நேற்று என் நாற்காலியிலேயே கிடந்ததாம்.

கைப்பையைத் திறந்து பார்த்தேன். ராத்திரி வாங்கிய ஊசியில் பழுப்பு நூல் கோத்திருந்தது.

வீட்டுக்கு வந்தால், அக்கா பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். "ராத்திரி பூரா முதுகைத் தட்டிக் கொடுத்துட்டே இருந்தியே, கை வலிக்கலையாடி?"

இல்லை என்றேன்.

அவள் குளிக்கப் போனபோது போர்வையைப் புரட்டிப் பார்த்தேன். பழுப்புத் துண்டின் ஓர் ஓரம் மட்டும் தைக்காமல் விட்டிருக்கிறேன்.

நாளை: அந்த ஓரத்தைத் தைக்க வேண்டும். பழுப்பு நூலால்.