டவர்ப் புதினம்

ஜெர்மனிக்கு வந்த முதல் மாதம் அது. வேலை முடிந்து டிராமில் திரும்பிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த பிர்கிட்டிடம் ஒரு கேள்வி கேட்டேன். பிர்கிட்டும் நானும் ஒரே தொலைபேசிக் கம்பெனியில், ஒரே அறையில், எந்தக் கிராமத்துக்கு எங்கே டவர் வைப்பது என்று திட்டமிடுகிறவர்கள். கம்பெனி தன் டவர்களை வேறு யாருக்கோ விற்கப்போகிறது என்று அன்று பகல் சாப்பாட்டு அறையில் என் காதில் விழுந்திருந்தது. "யார் வாங்குகிறார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் புன்னகைத்து, "ஃபையராபெண்ட்" என்றாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டாள். வாங்குகிற கம்பெனியின் பெயர் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் மாத்தளை நண்பர்களுக்குக் குரல்பதிவு அனுப்பினேன்: ஃபையராபெண்ட் என்றொரு பெரிய கம்பெனி இங்கே டவர்களையெல்லாம் வாங்குகிறது.

இன்றைய வேலை முடிந்தது, இனி நேரம் நம்முடையது என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்று சில நாட்கள் கழித்துத் தெரிந்தது. அந்தச் சொல்லுக்குப் பிறகு இங்கே யாரும் தொழில் கதைப்பதில்லை. அதில் கோபமோ மரியாதைக்குறைவோ கிடையாது. எனக்குத்தான் பழக மாட்டேன் என்றது. ஏனென்றால் நான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டதே வேலை முடிந்த பிறகுதான்.

மாத்தளையில் வேலை பார்த்த காலத்தில் எங்களுக்குப் பலாபத்வலையில், யாழ்ப்பாண வீதி ஓரமாக, ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. மாலையானால் மூன்று பேர் அங்கே சேர்வோம். எங்களுக்கு அண்ணன் முறையான ரிஸ்வான் நானாவுக்கு மாத்தளை டவுனில் ஃபோன் கடை. குமரன் டவர்களைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்தான். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவதிலிருந்து பேட்டரி மாற்றுவது வரை அவன் பொறுப்பு. நான் அலுவலகத்தில் வரைபடம் பார்க்கிறவள். எந்தக் கம்பெனி எதோடு சேரப்போகிறது, பழைய த்ரீஜியை எப்போது மூடுவார்கள், சிம்மே இல்லாத ஃபோன் வந்தால் நானாவின் கடை என்னாகும் என்று பிளேன்டீ ஆறும்வரை புதினம் பேசுவோம். பாதி பொய்யாக இருக்கும். ஆனாலும் தலைமை அலுவலகம் எங்களுக்கு அறிவித்த எதுவும் அந்த மேசைக்குப் புதிதாக இருந்ததில்லை.

போன வருடம் லீவில் போயிருந்தபோது அதே கடையில் மறுபடி உட்கார்ந்தோம். நானா முதலில் கேட்டது இதைத்தான்.

"அந்த ஃபையராபெண்ட் கம்பெனிக்காரன் இங்கயும் வாறானாமா தங்கச்சி?"

அர்த்தத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் கடைக்கு வாற ஆக்களுக்கெல்லாம் சொல்லிட்டேனே. சரி போகட்டும். இனி டவரே தேவப்படாது. எல்லாம் சாட்டலைட்டுல வரப்போவுது."

"வரட்டும் நானா" என்றான் குமரன். "அது வாறதுக்கு முன்னாலேயே என் டவரக் கழட்டுறாங்க."

இரண்டு கம்பெனிகள் டவர்களைப் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் செய்திருந்தன. பல்லேகமவுக்கு அப்பால் எதிரெதிர்க் குன்றுகளில் இரண்டு கம்பெனிக்கும் ஒவ்வொரு டவர் இருந்தது. இனி ஒன்று போதும். குமரன் பார்த்துக்கொண்ட டவரின் அன்டெனாக்கள் எதிர்க்குன்றுக்குப் போகும். டவரை அன்று காலையிலேயே நிறுத்திவிட்டார்களாம். மறுநாள் அவன் போய்ப் பேட்டரிகளைக் கழற்றிக் கொண்டுவர வேண்டும்.

"அன்டெனா அங்க போயிருச்சா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லீங்க அக்கா. ரெண்டு கிழம ஆகுமாம். அந்தப் பக்கம் ஆளுங்க கொறச்சல், யாருக்கும் தெரியாதுன்னு சூப்பவைசர் சேர் சொன்னாரு."

ஜெர்மனியில் இப்படி ஒரு இடைவெளி விட்டால் அந்தக் கிராமத்தின் மேயர் பத்திரிகைக்குப் போயிருப்பார் என்று சொன்னேன். குமரன் எழுந்து தேத்தண்ணிக்குக் காசு கொடுக்கப் போனான். அவனுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் அது என்பதை நானாதான் பிறகு மெதுவாகச் சொன்னார்.

பல்லேகமவில் ஒரு கடைக்கு நானா ஃபோன்கள் கொண்டுபோக வேண்டியிருந்தது. அதனால் மறுநாள் அவருடைய வேனிலேயே மூவரும் புறப்பட்டோம். ரத்தோட்டை ஏறி, ரிவர்ஸ்டன் வளைவுகளின் மூடுபனியைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கியதும் வெயில் வந்தது. பல்லேகம கடந்து டவருக்குத் திரும்பும் வளைவில் ஒருவர் கையை நீட்டி வேனை நிறுத்தினார். ஐம்பது வயதைத் தாண்டியிருப்பார். வயலிலிருந்து நேரே வந்த கால்கள். பெயர் ஜயதிஸ்ஸ என்றார். குமரனின் சட்டையில் இருந்த அடையாளத்தைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்.

"நீங்கள் டவர் ஆட்களா? நேற்றிலிருந்து ஃபோன் வேலை செய்யவில்லை. எங்கள் பக்கம் எல்லோருக்கும் இதே சிம்தான். மகளைப் பிரசவத்துக்கு மாத்தளை ஆஸ்பத்திரியில் விட்டிருக்கிறோம். மருமகன் அங்கே இருக்கிறான். பிள்ளை பிறந்ததா இல்லையா என்றுகூடத் தெரியாது."

குமரன் தலையைக் குனிந்துகொண்டான். நானா தன் ஃபோனைப் பார்த்தார். அதுவும் அதே கம்பெனி. நானும் என் ஃபோனை எடுத்தேன். அதில் இரண்டு சிம் இருந்தன. ஊருக்கு வந்ததும் வாங்கிய உள்ளூர் சிம்மும் அதே கம்பெனிதான், அதற்குச் சிக்னல் இல்லை. ஜெர்மன் சிம்முக்கு முழுச் சிக்னல்.

"அக்கா, எதிர்க்குன்று டவரப் புடிச்சிருக்குங்க" என்றான் குமரன்.

எனக்குப் புரிய ஒரு நொடிதான் ஆனது. உள்ளூர் சிம்முக்குத் தன் கம்பெனியின் டவர் மட்டும்தான் கதவு திறக்கும். வெளிநாட்டு சிம்மை எல்லாக் கம்பெனியும் விருந்தாளியாக ஏற்றுக்கொள்ளும். அந்தப் பள்ளத்தாக்கின் காற்றில் சிக்னல் நிறைய இருந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. எனக்கும் வெளியாள் என்பதால்தான் கிடைத்தது. பத்து வருடங்களாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. ஆனால் அந்த மனிதரின் முகத்துக்கு முன்னால் வைத்து அதை நான் அதுவரை யோசித்ததில்லை.

மருமகனின் எண்ணைச் சொல்லச் சொல்லி அழைத்துக் கொடுத்தேன். அவர் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கேட்டுக்கொண்டே நின்றார். "சரி" என்றார். மறுபடியும் "சரி." பிறகு சாலையோரத்தில் குந்திவிட்டார்.

"பெண் பிள்ளை. நேற்று மத்தியானமே பிறந்துவிட்டதாம். மகளும் சுகம்" என்றார் எங்களைப் பார்த்து.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் நானா. ஜயதிஸ்ஸவுக்கு அது என்ன சொல் என்று விளங்கியிருக்காது, ஆனாலும் தலையசைத்தார். ஃபோனைத் திருப்பித் தரும்போது, "எந்த ஊர், மகள்?" என்று கேட்டார். "மாத்தளை" என்றேன்.

டவரில் குமரன் கருவிப் பையைத் திறக்கவில்லை. பேட்டரிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து குன்றின் கீழே தெரிந்த கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போய் மின்சுவிட்சைப் போட்டான். உள்ளே காற்றாடிகள் சுற்றத் தொடங்கின. என் ஃபோனைக் கேட்டு வாங்கி, தன் மேற்பார்வையாளரை அழைத்தான். அவர் சத்தம் எங்களுக்கும் கேட்டது.

"யாரு சொன்னது ஒனக்கு ஆன் பண்ணச் சொல்லி?"

"யாரும் சொல்லல சேர். நான்தான் பண்ணுனேன். கீழ புள்ள பொறந்த சேதிகூடப் போகாமக் கெடக்குதுங்க. அன்டெனா அங்க மாறுற வரைக்கும் இது ஓடட்டும் சேர்."

"பேட்டரிய இன்னைக்குக் கொண்டு வரணும்னு சொன்னேன்ல?"

"நான் கழட்ட மாட்டேன் சேர். வேற ஆள அனுப்புறதுன்னா அனுப்புங்க."

அந்தப் பக்கம் அழைப்பு துண்டிக்கப்பட்டது. திரும்பி வரும்போது, ரத்தோட்டை வந்ததும் நானா, "வேல போச்சுதுன்னா கடைக்கு வா. ரிப்பேர் மேசை சும்மாதான் ஈக்குது" என்றார். குமரன் சிரிக்க முயன்றான்.

வேறு ஆளை அனுப்பவில்லை. இரண்டு நாள் கழித்து மேற்பார்வையாளரே பல்லேகமவுக்குப் போய்ப் பார்த்தார் என்றும், அன்டெனா மாறும் வரை டவரை ஓடவிடச் சொன்னார் என்றும் குமரன் சொன்னான். பாராட்டும் இல்லை, மன்னிப்பும் இல்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள், அந்த டவருக்குப் பதிலாக வஹகோட்டைப் பக்கம் ஒன்றைக் கொடுத்தார்கள். அதற்குள் என் லீவு முடிந்து நான் இங்கே வந்துவிட்டேன்.

சில மாதங்களுக்குப் பிறகு ஒருநாள் டிராம் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் தெரியாத இலங்கை எண்ணிலிருந்து அழைப்பு. ஜயதிஸ்ஸதான். மருமகனின் ஃபோனில் என் எண் பதிந்திருந்ததாம்.

"மகள், வருகிற ஞாயிறு பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டுகிறோம். காலை பஸ்ஸில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். டவர்த் தம்பியையும் வேன் ஓட்டிய அந்த முஸ்லிம் மாத்தயாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்."

நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் குரலில் இருந்த நிச்சயத்தைக் கேட்டதும் சொல்ல முடியவில்லை. "பார்ப்போம்" என்றேன்.

"இங்கே நல்ல மழை. அங்கே எப்படி?"

நிறுத்தத்தின் கண்ணாடிக் கூரையில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"இங்கேயும் மழைதான்" என்றேன்.

அவர் ஃபோனை விலக்கி வீட்டுக்குள் யாருக்கோ சொல்வது கேட்டது: "மாத்தளையிலும் மழையாம்."