கரண்ட் போன நேரம்

சிங்காநல்லூரில் ஒரு மில்லில் இருபது வருசம் நூற்பு மெஷினோடு மல்லுக்கட்டிய கிருபாவதிக்குக் காது எப்போதோ போய்விட்டது. அது யாருக்கும் தெரியாது. அந்த இரைச்சலில் எல்லாரும் உதட்டசைவில்தான் பேசுவார்கள். காதை யார் தேடினார்கள்? வெளியில் ஏதாவது புரியாவிட்டால் சிரித்துவைப்பாள். பாழாய்ப்போன அந்தச் சிரிப்புதான் இத்தனை நாள் அவளைக் காப்பாற்றியது.

தொண்ணூற்றாறில் மில்லை மூடிவிட்டார்கள். பக்கத்து மெஷின் பொற்கொடி, விடிந்தால் காரமடைக்கு மகள் வீட்டோடு போகிறாள். "கடைசியா ஒரு படம் பாத்துப்போட்டு வரலாம் வாங்கக்கா" என்று முதல் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனாள். திரையிலும் கிருபாவதி உதடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதிப் படத்தில் கரண்ட் போனது. கும்மிருட்டு. பொற்கொடி அவள் கையைப் பிடித்தாள். காதோரம் சூடாக மூச்சு பட்டது, வெகுநேரம் பட்டது. என்ன சொல்கிறாள்? உதடு தெரியவில்லை. படத்தைப் பற்றி ஏதோ கேலி என்று நினைத்து, கிருபாவதி வழக்கம்போலச் சிரித்துவைத்தாள்.

கை சட்டென்று விலகியது.

வெளிச்சம் வந்தபோது பொற்கொடியின் கன்னம் நனைந்திருந்தது.

"என்ன கண்ணு சொன்னே?"

பொற்கொடி திரும்பி, மில்லில் பேசுவதுபோல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

"ஒண்ணுமில்லீங்க."

அது மட்டும் அவளுக்கு நன்றாகப் புரிந்தது.