சூடை என்ற பெயரில் எழுதியவர்

நிமலன் அண்ணாவின் செத்தவீட்டில் எங்கள் மனேஜர் எழுந்து பேசியபோது நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வசனம். ‘சேர், இன்று காலையும் எங்கள் கணினிகள் எழும்பியது இவரால்தான்.’ மனேஜர் அவரை அலுவலகத்தின் முதுகெலும்பு என்றார். அந்த முதுகெலும்பை வேலையிலிருந்து நிறுத்தியவரும் அவரே. பந்தலின் கீழ் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

செய்தி அதற்கு முதல்நாள் வந்தது. அவருடைய மனைவி சுகந்தி அக்காதான் எனக்குப் போன் எடுத்தார். தம்பலகாமத்தில் வயலுக்குப் போன இடத்தில், நெஞ்சு நோகுது என்று வரம்பில் இருந்தவர் பிறகு எழும்பவில்லை. “ஒஃபிசுக்குச் சொல்லுறதெண்டால் சொல்லுங்கோ” என்றார். சொல்லத்தான் வேண்டுமா என்று அந்தக் குரல் கேட்டது.

துறைமுகப் பக்கத்தில் அவரை அறிந்தவர்கள் அவரைக் கணினி திருத்துகிறவர் என்றுதான் அறிவார்கள். அவர் செய்தது வேறு. எங்கள் அலுவலகம் கடலடியை அளந்து படமாக்கித் தருவது. படகிலிருந்து வரும் அளவுகளைத் திரையில் மேடும் பள்ளமுமாகக் காட்டுவதற்கு நல்ல கிராபிக்ஸ் அட்டை வேண்டும். நாங்கள் மூன்று பேர் வேலை செய்த மூன்று கணினிகளிலும் இருந்தவை பழைய அட்டைகள். செய்த கம்பனி அவற்றைக் கைவிட்டு வெகுகாலம். அட்டையை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று கம்பனி ஒருவருக்கும் காட்டியதுமில்லை.

ஆனால் இயக்குதளம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அதன் மையமான கேர்னல் அடிக்கடி புதிதாகும். புதிய கேர்னலோடு பழைய டிரைவர் ஒட்டாது; திரை கறுத்துவிடும். புதுப்பிக்காமல் விடவும் ஏலாது. பழைய கேர்னல் ஓடும் கணினியைக் கொழும்புத் தலைமையகத்தின் வலையமைப்பு உள்ளே எடுக்காது. புதிய கணினி தருவதில்லை என்பதும் கொழும்பின் முடிவு. இந்த இரண்டு முடிவுகளுக்கும் நடுவில் நிமலன் அண்ணா வேலை செய்தார். டிரைவரில், கேர்னலோடு இணைகிற ஓரத்தை மட்டும் கம்பனி திறந்து விட்டிருந்தது. கேர்னலில் ஏதாவது மாறும்போதெல்லாம் அந்த ஓரத்தில் சில வரிகளை மாற்றி இரண்டையும் மறுபடி பொருத்துவார்.

“வீட்டுக்குள்ள போக எங்களுக்கு அனுமதியில்லை, தங்கச்சி. றோட்டை உயர்த்தினால் படியைத் திருப்பிக் கட்டலாம். அவ்வளவுதான்” என்பார்.

அவர் இனிமையான மனிதர் அல்ல. செத்தபிறகு அப்படி ஆக்கிவிட நான் விரும்பவில்லை. கணினி வேலை செய்யவில்லை என்று யாராவது போய் நின்றால், பிள்ளை அழுகிறது என்று டொக்டரிடம் சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்கிற தாய் போல இருக்கிறது உங்கள் கதை என்பார். ஒருமுறை திரையில் வந்த பிழைச் செய்தியை நான் என் சொற்களில் சுருக்கிச் சொன்னேன். மத்தியானச் சாப்பாடுவரை என்னோடு கதைக்கவில்லை. பிறகு சொன்னார்: “நிறைய வாசிக்கிற ஆள் நீங்கள். அதை நீங்கள் திருத்தி வாசிக்காதேங்கோ. அது சொல்லுறபடி சொல்லுங்கோ.” எனக்கு வாசிக்கச் சொல்லித் தந்த ஒருவரும் இதைச் சொன்னதில்லை.

வேலையில் அவருக்கு ஒரு முறை இருந்தது. புதிய கேர்னலை இறக்குவார், ஆனால் அதற்குள் போகமாட்டார். பழையதில் நின்றபடியே புதியதற்கு டிரைவரைக் கட்டிப் பார்ப்பார். அது பிழையில்லாமல் முடிந்தால்தான் கணினியைத் திரும்பத் தொடக்குவார், அதுவும் முதலில் ஒன்றை மட்டும். “பழசை அழிக்காதேங்கோ. புதுசு எழும்பி நிண்ட பிறகு அழியுங்கோ” என்பது அவருடைய சட்டம். ஒவ்வொரு திரையின் விளிம்பிலும் ‘கேட்காமல் போடாதேங்கோ’ என்று எழுதி ஒட்டியிருந்தார். விருந்தினர் கண்ணில் படும் என்று மனேஜருக்கு அது பிடிக்காது.

துறைமுகப் படத்தைப் பார்க்க வெளியிலிருந்து ஆட்கள் வரவிருந்தார்கள். அதற்கு முதல்நாள் கொழும்பு எஞ்சினியர் அங்கிருந்தபடியே மூன்று கணினிகளையும் புதுப்பிக்கப் போவதாகப் போனில் சொன்னார். இந்தக் கேர்னலுக்கு வரிகள் இன்னும் முடியவில்லை, இந்த வாரம் மட்டும் பொறுங்கோ என்று நிமலன் அண்ணா கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பாதுகாப்பு உத்தரவு பொறுக்காது என்று பதில் வந்தது. எஞ்சினியர் புதியதைப் போட்டார். இடம் காணாதென்று பழையதையும் அழித்தார். விடிய விருந்தினர் வந்தபோது மூன்று திரையும் கறுப்பு. மனேஜர் அவர்களிடம், “இவர் ஏதோ தன்பாட்டில எழுதிப் போட்டவர். அதுதான் இப்படி” என்றார். நிமலன் அண்ணா பக்கத்தில்தான் நின்றார்.

நடந்ததை நாங்கள் சொன்னோம், எழுதியும் கொடுத்தோம். அவர் எழுதிய வரிகள்தான் கெடுத்தன என்று கொழும்பு எழுதியதே காரணமாக நின்றது. அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கணினியைக் கெடுத்தவர் என்ற கதை துறைமுக வீதியில் அவருக்கு முன்னால் போய் ஒவ்வொரு அலுவலகத்திலும் இருந்தது. ஒருவரும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. அவர் தம்பலகாமத்துக்கு, சுகந்தி அக்காவின் வயலுக்குப் போனார்.

சில வாரங்களில் எஞ்சினியர் ஒரு கண்டுபிடிப்போடு வந்தார். எங்கள் பழைய அட்டைக்கு, புதிய கேர்னல் ஒவ்வொன்றுக்கும், வேண்டிய வரிகளை யாரோ இணையத்தில் இலவசமாகப் போடுகிறார்களாம். ஆங்கில எழுத்தில் ‘சூடை’ என்று பெயர். அதைப் போட்டதும் மூன்று திரையும் திரும்ப எழும்பின. ஜப்பான்காரனாக இருக்கவேணும், திறமான ஆள் என்று மனேஜர் எங்களுக்கு விளக்கினார். நான் தலையைக் குனிந்து வேலையைப் பார்த்தேன். அலுவலகத்தில் இருந்த காலத்திலேயே நிமலன் அண்ணா அந்தப் பெயரில் எழுதுவது எனக்குத் தெரியும். ஏன் இந்தப் பெயர் என்று ஒருநாள் கேட்டிருந்தேன். “சூடை மீனுக்கு ஆர் மரியாதை குடுக்கினம்? ஆனால் எல்லா வீட்டுச் சட்டியிலும் அதுதானே கிடக்கு” என்றார்.

தம்பலகாமத்துக்குப் போய் அவரிடமே கேட்டேன், ஏன் இன்னும் இவர்களுக்குச் செய்கிறீர்கள் என்று.

“இவையளுக்கெண்டு ஆர் செய்யிறது? இந்த அட்டையை வைச்சுக்கொண்டு உலகத்தில எத்தினை பேர் இருக்கினம்” என்றார். தேத்தண்ணி குடித்து முடிந்தபிறகு மீதியைச் சொன்னார். “அந்தக் கணினி நிண்டால் நீங்கள் மூண்டு பேரும் வேலையில்லாமல் வீட்டை போகவேணும். சொல்லிப்போடாதேங்கோ. என்ர எண்டு தெரிஞ்சால் ரோசத்தில கழட்டிப்போடுவினம்.”

அதனால்தான் செத்தவீட்டில் நான் வாய் திறக்கவில்லை. மனேஜர் பேசிக்கொண்டிருக்கும்போது சுகந்தி அக்கா என் காதருகில், “கெடுத்தவர் எண்டு சொன்ன வாயாலதான் இதையும் சொல்லுறார், பாருங்கோ” என்றார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அடுத்த கேர்னல் வந்தது. சூடையிடமிருந்து வரிகள் வரவில்லை. எஞ்சினியர் இந்தமுறை ஒரு கணினியில் மட்டும் கட்டிப் பார்த்தார். அது பிழையில் நின்றது. மனேஜர் என் மேசைக்கு வந்தார். “பிள்ளை, உமக்கு இங்கிலிஷ் நல்லா வரும். அந்த ஜப்பான்காரனுக்கு ஒரு ஈமெயில் போடும். கொஞ்சம் பணிவா எழுதும்.”

“அவரின்ட செத்தவீட்டில நீங்கள் பேசினனீங்கள், சேர்.”

“நிமலனோ?” என்றார். ஓம் என்றேன். திரையின் விளிம்பில் இருந்த தாளை அன்றுதான் முழுதாக வாசித்தார் என்று நினைக்கிறேன். பிறகு, “அப்ப வேற ஆரையும் பிடிக்க ஏலாதோ?” என்று கேட்டார்.

நிமலன் அண்ணாவிடமிருந்து நான் வைத்திருப்பது, பிழையை அது சொல்லுகிறபடி சொல்லவேண்டும் என்பதைத்தான். ஆகவே அவரை அறிந்த உங்களுக்குத் திருத்தாமல் சொல்கிறேன். அவர் எந்தக் கணினியையும் கெடுக்கவில்லை. பொறுங்கோ என்று கேட்டார். பொறுக்கவில்லை.

அந்த வரிகளை எழுத வேறு ஒருவரும் அகப்படவில்லை. மூன்று கணினிகளையும் கழற்றிக் கொழும்புக்கு லொறியில் ஏற்றினார்கள். படவேலை இப்போது அங்கேயுள்ள வேறு கணினிகளில் நடக்கிறது. அந்த மாத முடிவோடு எங்கள் மூவரையும் நிறுத்திவிட்டார்கள்.