பனிக்குள் நான் வைத்த முகம்

ஒரு பெண் காணாத முகத்தை அவள் நினைவுக்குள் வைத்தவள் நான். அந்த முகத்துக்கு உரியவன் ஆயுள் தண்டனை பெற்றான். இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நான் படித்தது குற்ற உளவியல். "அதைப் படிச்சு என்ன வேலைக்குப் போவ? திருடனுக்கு வைத்தியம் பாக்கவா?" என்று திருவையாற்றில் அப்பா சிரித்தார். வேலைகள் இருந்தன. கூடப் படித்த ஒருத்தி சிறுவர் சீர்திருத்தப் பள்ளிக்குப் போனாள். ஒருவன் காவலர்களுக்குப் பாடம் நடத்துகிறான். நான் சிறைச்சாலைக்குப் போனேன்... அது பிற்பாடு.

படிப்பின் கடைசி வருஷம். ஆட்சி மாறி, ஊர்தோறும் புதிய கொடிகள் ஏறிக்கொண்டிருந்த சமயம். நன்னிலத்துக்கு அருகே ஒரு கிராமத்தில், கலியமூர்த்தி என்பவர் உழுதுவந்த மடத்து நிலத்தின் குத்தகை தங்கராசு என்பவனுக்கு மாற்றப்பட்டது. கலியமூர்த்தி நிலத்தை விட மறுத்தார். ஒரு மார்கழிக் காலையில், தண்ணீர் பார்க்கப் போனவர் மதகடியில் வெட்டுண்டு கிடந்தார்.

அவர் மனைவி முத்துலட்சுமி பின்னாலேயே போயிருக்கிறாள். அன்றிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. பெண் ஒருத்தி கேட்டால் பேசக்கூடும் என்று இன்ஸ்பெக்டர் எங்கள் பேராசிரியரிடம் உதவி கேட்டார். பேராசிரியர் என்னை அனுப்பினார். எவ்வளவு பெருமிதம் எனக்கு!

ஜீப்பிலேயே இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார்: "தங்கராசு வேலைதாம்மா. இடது காலை இழுத்து இழுத்து நடப்பான். அந்த ஒண்ணு மட்டும் அந்தப் பொம்பளை வாயில வந்துட்டாப் போதும்."

நான் அவளருகில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன். நெடுநேரம் கழித்து அவள் பேசினாள்.

"ஒரே பனிம்மா. யாரோ போனாங்க. முதுகுதான் தெரிஞ்சுது."

"கண்ணை மூடிக்குங்கக்கா. திரும்ப அந்த வரப்புல நில்லுங்க. அந்த ஆளு நடக்குறது தெரியுதா?"

"தெரியுது..."

கேள்விக்குள் விடையை வைக்கக் கூடாது. எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடமே அதுதான். அதை நான் மறந்துவிட்டேனா? இல்லை! நன்றாக நினைவிருந்தது. நினைவிருந்தும் கேட்டேன்.

"இடது காலை இழுத்து நடக்குறானா?"

மூடிய இமைகளுக்குள் அவள் விழிகள் மெல்ல நகர்ந்தன. எதையோ தொடர்ந்து பார்ப்பவை போல...

"ஆமாம்மா. இழுக்குறான்... அய்யோ, திரும்புறான்! தங்கராசும்மா!"

பனிக்குள்ளிருந்து ஒரு முகம் வந்துவிட்டது. என் உடல் சிலிர்த்தது. பயத்தினால் அல்ல; வெற்றியினால்!

நீதிமன்றத்தில் அவள் ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. பொய் சொல்பவள் தடுமாறுவாள். அவள் பொய் சொல்லவில்லையே! உண்மையாகவே அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் இல்லைங்க" என்று கூண்டிலிருந்து தங்கராசு கதறினான். நான் பார்வையாளர் வரிசையில் வாய் மூடி இருந்தேன்.

வருஷங்கள் ஓடின. நான் சிறையில் உளவியல் ஆலோசகரானேன். முன்விடுதலைக்கு விண்ணப்பித்தவர்களைப் பரிசோதிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரு மதியம், இடது காலை இழுத்தபடி, தலை நரைத்த ஒருவன் உள்ளே வந்தான்.

அவனுக்கு என்னைத் தெரியவில்லை. எனக்கு அவனைத் தெரிந்தது.

"ரொம்ப வருஷம் நான் செய்யலன்னு சொல்லிக்கிட்டிருந்தேன் மேடம்," என்றான். "செஞ்சதை ஒத்துக்கிட்டாத்தான் மனசு மாறும்னு எல்லாரும் சொன்னாங்க. தினமும் யோசிச்சேன். இப்ப நல்லாத் தெரியுது. ஒரே பனி. ஒருத்தன் காலை இழுத்துக்கிட்டு வரப்புல போறான். பின்னாலேருந்து பாக்குறேன். அவன் திரும்புறான்... பாத்தா அது நான்தான்!"

பின்னாலிருந்து! தன் முதுகைத் தானே கண்டவன் யார்? அவன் பார்த்துக்கொண்டிருந்தது முத்துலட்சுமியின் நினைவை... இல்லை, என்னுடையதை.

அப்போதாவது எழுந்து உண்மையைச் சொன்னேனா? 'குற்றத்தை முழுமையாக உணர்ந்துள்ளார்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவன் விடுதலையானான். கொலைகாரனாகவே போனான்.

உறக்கம் கெட்டுப்போய், ஒருநாள் அந்த ஊருக்கே போனேன். முத்துலட்சுமி மோர் கொடுத்தாள். வயலில் ஒருவன் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தான்.

"அவன்தாம்மா. வந்து கால்ல விழுந்தான். கூலி வேணாம், வேலை மட்டும் குடுங்கன்னு நிக்கிறான். அன்னைக்கு நீங்க கேக்கலன்னா யாருன்னே தெரியாமப் போயிருக்கும்."

சொல்லத்தான் போயிருந்தேன். அவள் முகத்தில் அத்தனை அமைதி! மோரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

அவன் கொன்றானா, இல்லையா? எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியையும் அடைத்தவள் நான்தான். வேறொருவன் கொன்றிருந்தால், அவன் அந்தக் கடைத்தெருவிலேயே டீ குடித்துக்கொண்டிருக்கலாம்...

பஸ்ஸுக்கு நின்றபோது தங்கராசு சேற்றுக் காலோடு வந்தான்.

"மேடம், எதால வெட்டினேன்னு மட்டும் ஞாபகம் வரவே மாட்டேங்குது. நீங்க கேட்டா வந்துடும்னு அக்கா சொன்னாங்க."

பட்டப்பகலில், சாலையோரத்தில், என் எதிரே நின்று கண்களை மூடிக்கொண்டான்.

"கேளுங்க மேடம்."