புரட்டாசியில் வந்த கிளாங் பறவை

மீனாட்சிசுந்தரம் அங்கிள் தனக்கென்று எதையும் வாங்கிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கிளாங் நகருக்குப் பக்கத்தில், காப்பாரில் எங்கள் பக்கத்து வீடு. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கடைக்குப் போனால், "எனக்கு வேணாம்லா, பசியே இல்ல" என்பார். பிறகு நம் தட்டில் பாதி காணாமல் போகும். எனக்கு லைசென்ஸ் கிடைப்பதற்குள் என் கையிலிருந்து அவர் பறித்த கறிபாப்பை வைத்து ஒரு விருந்தே நடத்தியிருக்கலாம்.

புரட்டாசியில் மட்டும் அடங்குவார். அவருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தபோது, இனி அந்த மாதம் முழுக்க வீட்டுக்குள் மீன் வராது, அவரும் தின்னமாட்டார் என்று அவர் மனைவி உமையாள் ஆன்டி வேண்டிக்கொண்டார்.

போன புரட்டாசியில், ஒரு பேய்மழைக்கு மறுநாள், அவருடைய 'L' போட்ட காரின் கூரையில் கறுப்பாக ஒரு பெரிய பறவை சோர்ந்து உட்கார்ந்திருந்தது. நீண்ட அலகு, நுனியில் கொக்கி. எதிர்வீட்டு மலாய்க்காரர் பார்த்துவிட்டு, "சிக்காலாங்" என்று அதன் மலாய்ப் பெயரைச் சொன்னார். அங்கிள் காதில் பின்பாதிதான் விழுந்தது.

"கிளாங்கா? நம்ம ஊர்க்காரன்லா இவன்!"

ஊர்க்காரனுக்குத் தோசை வைத்தார். தொடவில்லை. சோயாவில் செய்து கடற்பாசியைத் தோலாக ஒட்டிய சைவ மீனை வைத்தார். பறவை முகத்தைத் திருப்பிக்கொண்டது. வனவிலங்கு இலாகா மறுநாள் வருவதாகச் சொன்னது. அதற்குள் அதன் கழுத்து தொங்க ஆரம்பித்துவிட்டது.

"விவியன், நீ உயிரியல் பட்டதாரிதானே? செத்துரும் போலருக்கு, ஏதாச்சும் பண்ணு," என்றார் அங்கிள்.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான், போனை எடுத்துத் தேடினேன். பறக்கும் மீனும் கணவாயும்தான் இதன் உணவு. இறகு நனைந்தால் எழ முடியாது என்பதால் கடலில் இறங்காது. நீர்மட்டத்தில் கொத்தும். இல்லாவிட்டால் மற்ற பறவைகளைத் துரத்தி, அவை கக்குவதைக் காற்றிலேயே பிடித்துக்கொள்ளும்.

அப்பா கெம்போங் மீனோடு வந்தார். ஆன்டி கேட்டை மறித்தார்.

"கிளாரன்ஸ், மீனு உள்ள வரக்கூடாது."

"அப்ப பறவைய வெளிய கொண்டு வாங்க."

பறவை கூரையிலேயே இருக்க, அங்கிள் சிக்னல் போட்டு, அங்குலம் அங்குலமாகக் காரைத் தெருவுக்கு ரிவர்ஸ் எடுத்தார்.

அப்பா மீனை ஒரு பிளாஸ்டிக் பேசினில் வைத்தார். பறவை பார்க்கவே இல்லை.

"அடுத்தவன் வாயில இருந்தாதான் சாப்பிடுமோ என்னமோ," என்றேன் நான், நிச்சயமில்லாமல்.

அங்கிள் கொஞ்சம் யோசித்தார். "அதுல என்னா தப்பு?"

அப்பா மூக்கைச் சுளித்தபடி மீனை உதட்டருகே பிடித்தார். பறவை அசையவில்லை.

"சாப்பிடுற ஆளு மாதிரியே இல்லயே கிளாரன்ஸ். இங்க குடு."

"என்னங்க! புரட்டாசி!"

"முழுங்கமாட்டேன் உமையா."

பச்சை மீன் என்பதையே மறந்தவர் போல அங்கிள் அதை வாய்க்குக் கொண்டுபோனார். அத்தனை நாள் ஏக்கமும் அந்த முகத்தில் தெரிந்தது. வாய் திறந்தது. கூரையிலிருந்து கொக்கி அலகு பாய்ந்தது. அங்கிளின் பற்கள் வெறுங்காற்றைக் கடித்தன. பறவை தலையை அண்ணாந்து விழுங்கியது.

அது ஒரு நொடி தாமதித்திருந்தால் விரதம் என்னவாகியிருக்கும் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

அங்கிள் வெறும் கையைப் பார்த்தார்.

"வாய்க்குப் போனத புடுங்கிட்டான்லா!"

மீன் தீட்டுப் போகட்டுமென்று ஆன்டி ரப்பர் குழாயைத் திறந்து அவரைத் தலையோடு நனைத்தார்.

"இத்தன வருசம் நீங்க என் தட்டுல கை வச்சப்பல்லாம் எனக்கும் இப்படித்தாங்க இருந்துச்சு. கிளாரன்ஸ், இன்னொன்னு குடுங்க அவர்ட்ட."